ஹலோ காது கொடுத்த நாணல்

எங்கள் பக்கத்தில் ஆட்சி மாறியதற்குக் காரணம் அரிசித் தட்டுப்பாடு என்பார்கள், மொழி என்பார்கள், இளைஞர்கள் என்பார்கள். எல்லாம் புரளி. ஆட்சியை மாற்றியவர் ஒரே ஒரு ஆள்தான். அவர் பெயர் ஹலோ. இது நான் கண்டுபிடித்துச் சொல்வதல்ல. ஹலோவே சொன்னது.

"மைக்கை நான் இந்தப் பக்கம் திருப்பி வச்சேன் டைலரு. ஆட்சி அந்தப் பக்கம் போயிட்டுது. அவ்வளவுதான் சங்கதி."

"அப்ப அடுத்த தேர்தல்ல யாருண்ணே வருவாங்க?"

"ஆம்ப்ளிபயர்ல ஒரு வால்வு மாத்த வேண்டியிருக்கு. மாத்திட்டுச் சொல்றேன்."

சீர்காழியிலிருந்து பஸ் ஏறினால் கொள்ளிடக் கரையில் எங்கள் ஊர். கடைத்தெரு என்று பெயரே தவிர, டீக்கடை, உரக்கடை, என் தையல் கடை, அதை ஒட்டி ஹலோவின் மைக் செட் கடை, இவ்வளவுதான் தெரு. கொடி என் வேலை, குரல் அவர் வேலை. எந்தக் கட்சிக் கூட்டமானாலும் எங்கள் இருவர் கையையும் தாண்டாமல் நடக்காது. ஆளுங்கட்சிக்குக் கறுப்பு சிவப்பு, விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு முழுச் சிவப்பு. அதனால் என் கடையில் சிவப்புத் துணி மட்டும் வீணாய்ப் போனதே இல்லை. எந்தப் பக்கம் மீந்தாலும் மற்றப் பக்கத்துக்கு ஆகும்.

ஹலோவின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எனக்கு அண்ணன் முறை வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒட்டடைக் குச்சிக்குச் சட்டை தைத்துப் போட்ட மாதிரி உருவம். அந்தச் சட்டைக்கு இரண்டு பை வைத்துத் தைக்கச் சொல்வார்: ஒன்றில் திருப்புளி, ஒன்றில் பீடி. அவரிடம் இரண்டு கூம்பு ஸ்பீக்கர்கள் இருந்தன. ஒன்று பெரியவள், மற்றது சின்னவள். கூட்டத்தில் மழை வந்தால் பேச்சாளர் நனைவார், தலைவர் நனைவார், ஹலோ நனைவார். பெரியவளும் சின்னவளும் மட்டும் குடைக்குள் இருப்பார்கள்.

"உங்களுக்குச் சளி பிடிக்காதாண்ணே?"

"எனக்குப் பிடிச்சா மாத்திரை இருக்கு. சின்னவளுக்குப் பிடிச்சா எந்த டாக்டர்ட்ட காட்டறது?"

எல்லா மைக் செட்காரர்களும் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பார்கள். இவர் அதோடு விட மாட்டார். "ஹலோ... ஹலோ... கீழத்தெரு கேக்குதா?" என்று கேட்பார். வயல்களுக்கு அப்பால் இருக்கும் கீழத்தெருவிலிருந்து யாராவது ஒருவர் "கேக்குது!" என்று பதில் கத்த வேண்டும். அந்தப் பதில் வந்த பிறகுதான் பேச்சாளர் கைக்கு மைக் போகும். கல்யாண வீடானாலும், திருவிழாவானாலும், சாவு வீடானாலும் இதுதான் சட்டம். ஒரு தடவை ஆளுங்கட்சியின் பெரிய கூட்டம். ஹலோ கேட்கிறார், கேட்கிறார், பதிலே இல்லை. காரணம், கீழத்தெரு முழுவதும் மேடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. "நாங்கதான் இங்க இருக்கோமே, கேக்குதுப்பா" என்றார்கள். ஹலோ ஒப்புக்கொள்ளவில்லை. "இங்கேருந்து சொன்னா செல்லாது" என்றுவிட்டார். கடைசியில் சைக்கிளில் ஒருவரைக் கீழத்தெருவுக்கு அனுப்பி, அங்கிருந்து அவர் "கேக்குது!" என்று கத்திய பிறகுதான், அதுவரை மாலையும் கழுத்துமாக நின்றிருந்த பேச்சாளர் "பெரியோர்களே" என்று ஆரம்பிக்க முடிந்தது.

முடியாது என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. கூலித் தகராறு சூடாக இருந்த நேரம். கீழ்வேளூர்ப் பக்கமிருந்து தினம் ஒரு வெட்டுக்குத்துச் சேதி வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஒரே நாளில் இரண்டு கூட்டம்: கடைத்தெருவின் மேல்கோடியில் மிராசுதார்கள், கீழ்க்கோடியில் தொழிலாளர் சங்கம். ஹலோ இரண்டு பேரிடமும் தலையாட்டிவிட்டார். இருந்ததோ ஒரே ஆம்ப்ளிபயர். அதை நடுவில் என் கடையில் வைத்து, இரண்டு பக்கமும் ஒயர் இழுத்து, ஆளுக்கு ஒரு மைக், மேலே பெரியவள், கீழே சின்னவள் என்று கட்டினார்.

"ஒருத்தர் பேசி முடிச்சதும் மத்தவர் பேசணும், அவ்வளவுதான். கூட்டுறவு முறை" என்றார்.

ஒரு ஆம்ப்ளிபயரில் போகிற குரல் இரண்டு ஸ்பீக்கரிலும் வரும் என்பது தொழில்காரரான அவருக்குத் தெரியாதா? தெரியும். மறந்துவிட்டார். மேல்கோடியில் பெரிய பண்ணை பேச ஆரம்பித்தார். எங்கள் ஊர் நிலத்தில் பாதிக்கு மேல் அவருடையதுதான். "இந்த அரசாங்கம் நம்மைக் கண்டுகொள்ளவில்லை!" கீழ்க்கோடியில் சின்னவள் வாயிலாக அதைக் கேட்ட தொழிலாளர்கள் பலமாகக் கை தட்டினார்கள். பதிலுக்குச் சங்கத்துக்காரர், "உழைத்தவனுக்கு உரியது வந்து சேரவில்லை!" என்றார். மேல்கோடியில் அரைத் தூக்கத்திலிருந்த ஒரு மிராசுதார், "அதைச் சொல்லு முதல்ல" என்று தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் விஷயம் வெளிப்பட்டது. ஆனால் யாரும் மைக்கை விடவில்லை. "அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டால் எங்கே போவது?" என்று மேலேயிருந்து வரும். "களத்துக்கு வந்து பார், எங்கே போவதென்று தெரியும்" என்று கீழேயிருந்து போகும். நடுவில் நாங்கள் டீக் குடித்துக்கொண்டு இரண்டையும் கேட்டோம். நேரில் பார்த்தால் வெட்டிக்கொள்வார்கள் என்று பயந்த ஆட்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரு முழுப் பேச்சுவார்த்தையை நடத்தி முடித்தார்கள். கூலி உயரவில்லை. ஆனால் தலையும் உருளவில்லை.

"பாத்தியா டைலரு, சர்க்காரால முடியாததை சின்னவ முடிச்சிட்டா" என்றார் ஹலோ.

இப்படிப்பட்ட மனிதர் சாயங்காலமானால் காணாமல் போய்விடுவார். வெயில் தாழ்ந்ததும் கடையைச் சாத்திவிட்டு, கொள்ளிடக் கரையேறி, படுகைப் பக்கம் இறங்கி மறைவார். கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கும் அந்த வண்டல் நிலம் அப்போது முழுக்க நாணல். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, உள்ளே யானை நின்றாலும் தெரியாது. ஊர் சும்மா இருக்குமா? "ஹலோவுக்குப் படுகையில ஒரு குடும்பம் இருக்கு" என்று டீக்கடையில் முடிவு செய்தார்கள். மதுவிலக்குக் காலம் என்பதால், "குடும்பம் பானையில இருக்கும்" என்றார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டில் எது என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. ஒருநாள் பின்னாலேயே போனேன்.

பெண்ணும் இல்லை, பானையும் இல்லை. கரைச் சரிவில் நாணலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். காற்று வந்தது. நாணல் சரசரத்தது. கஞ்சி போட்ட மல்துணியை உள்ளங்கையால் நீவினால் ஒரு சத்தம் வருமே, அது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்.

"ஏன்டா, பேய் மாதிரி சத்தமில்லாம வர்றே?"

"சத்தமில்லாம வரலண்ணே. கரைமேலேருந்து கூப்பிட்டுக்கிட்டேதான் வந்தேன்."

பீடியை எடுத்தார், பற்றவைக்காமல் திரும்பப் பையில் போட்டார்.

"யார்ட்டயும் சொல்லாதே டைலரு. காது போய்க்கிட்டிருக்கு. பெரியவ வாயிலயும் சின்னவ வாயிலயும் இத்தன வருஷம் காதை வச்சிக்கிட்டு நின்னா என்ன ஆகும்? ஆளுங்க பேசுறதை வாயைப் பாத்துச் சமாளிச்சிடுவேன். கீழத்தெரு பதில் மட்டும் எப்படியோ கேட்டுடுது. ஆனா உள்ளுக்குள்ள பயம். அதான் தினம் இங்க வந்து டெஸ்டிங் பண்றேன்."

"நாணலை வச்சா?"

"பின்னே? மனுசன் உரக்கப் பேசுவான், மெதுவாப் பேசுவான், பரிதாபப்பட்டுக் கத்துவான். இது யார் முகத்தையும் பாத்துச் சத்தம் போடாது. முதல்ல கரை உச்சியில உக்காந்தா கேக்கும். அப்புறம் சரிவுக்கு எறங்கினேன். இப்ப இங்க. ஒவ்வொரு தடவ ஆறு வந்து வடியும்போதும் நான் கொஞ்சம் கிட்ட போறேன்."

அன்றிலிருந்து பல சாயங்காலங்கள் அவரோடு போயிருக்கிறேன். நாணலுக்குள் ஒரு ஊரே இருந்தது. இப்போது நான் கேட்கத் தவிப்பது அந்தச் சத்தங்களைத்தான். தூக்கணாங்குருவி நாணல் இலையின் ஓரத்தில் ஒரு கடி கடித்து, நுனியை அலகால் பிடித்து இழுத்துக்கொண்டு பறக்கும். இலை நாடா நாடாவாகக் கிழிந்து வரும். துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு வைத்துவிட்டு இரண்டு கையாலும் நான் சர்ரென்று கிழிக்கிற அதே முறை. எனக்கு யார் சொல்லித் தந்தார்கள் என்று நினைவில்லை. குருவிக்கும் அதே வாத்தியார்தான் இருக்க வேண்டும். அந்த நாடாவைக் கொண்டுபோய் கரையோரப் பனைமட்டையில் கூடு பின்னித் தொங்கவிடும். அடியில் நீர்க்கோழி குஞ்சுகளோடு ஓடும். தண்ணீர் ஏறிவரும் காலத்தில் நாணல் தூருக்குள் மீன்குஞ்சுகள் வந்து ஒதுங்கும். ஆறு இழுக்கிற இழுப்பில் அவற்றுக்கு வேறு போக்கிடம் கிடையாது. வெள்ளம் கொண்டுவரும் வண்டலை நாணல் மடி பிடித்து வாங்கி வைத்துக்கொள்ளும். நேற்று தண்ணீராக இருந்த இடம் அப்படித்தான் மெல்ல மெல்லப் படுகையானது. கோடையில் யாராவது பீடி நெருப்பைப் போட்டால் எல்லாம் எரிந்து கரியாகிவிடும். ஒரு மழை பெய்யட்டும், கரிக்கு நடுவே பச்சையாக ஊசி ஊசியாக எழுந்து நிற்கும். ஆடுகளுக்கு அன்று விருந்து. புரட்டாசி பிறந்துவிட்டால் வெள்ளைப் பூ. படுகை முழுக்கப் பஞ்சு கொட்டிய மாதிரி இருக்கும்.

"பச்சையா இருக்கறப்ப சத்தம் ரகசியம் மாதிரி வரும். காஞ்சா பொரியை மொறத்துல புடைக்கிற மாதிரி வரும். பூத்துட்டா சத்தமே மாறிடும் டைலரு. யாரோ நமக்காகக் காத்திருந்து, காத்திருந்து, சரி போகட்டும்னு பெருமூச்சு விடுற மாதிரி" என்பார்.

அவருக்காக யார் காத்திருந்தார்கள், அவர் யாருக்காக என்றெல்லாம் நான் கேட்டதில்லை.

இந்த நேரத்தில்தான் பட்டா வதந்தி வந்தது. புறம்போக்கில் யார் பயிர் வைத்திருக்கிறார்களோ அவர்களுக்கே புது சர்க்கார் பட்டா கொடுக்கப் போகிறது என்று யாரோ தாலுகா ஆபீஸ் வாசலில் கேட்டுவந்து சொன்னார்கள். அவ்வளவுதான். அதுவரை ஆடு மேய்க்கக்கூட ஆள் போகாத படுகை மேல் ஊர் முழுவதுக்கும் காதல் வந்துவிட்டது. பெரிய பண்ணை, "எங்க தாத்தா காலத்திலேருந்து அது எங்க அனுபவம்" என்றார். கீழத்தெரு, "நிலமில்லாதவங்களுக்குத்தான் புறம்போக்கு" என்றது. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போயின: முதலில் நாணலை அறுத்தாக வேண்டும்.

அறுப்புக்கு ஆள் கூப்பிட வேண்டுமே! இரண்டு தரப்பும் வந்து நின்ற இடம் ஹலோ கடை. இரண்டு தரப்புக்கும் அவர் தலையாட்டினார். அவர்கள் போன பிறகு தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானேண்ணே?"

"சொல்லத் தெரியலடா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பாரு. நாணல் இருந்து சத்தம் கேக்கலன்னா, காது போயிட்டுதுன்னு தெரிஞ்சிக்கலாம். நாணலே இல்லன்னா? சத்தம் இல்லாதது நாணல் இல்லாததாலயா, காது இல்லாததாலயான்னு நான் எப்படிடா கண்டுபிடிக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது.

மறுநாள் மாட்டு வண்டியில் பெரியவளையும் சின்னவளையும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். பேட்டரியைப் பிடித்துக்கொள்ள நான். ஹலோ மைக்கை வாயருகே வைத்தார்.

"ஹலோ... ஹலோ... பெரிய பண்ணைக்குப் படுகையில நாணல் அறுக்க ஆள் வேணும். நாளைக் காலையில அரிவாளோட வரவும். ஹலோ... விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு, அதே படுகையில, அதே நாணலை அறுக்க ஆள் வேணும். அதே நாளைக் காலையில, அதே அரிவாளோட வரவும். ஹலோ... நாணலை அறுக்கவே வேணாம்னு மூணாவதா ஒரு கட்சி இருக்கு. அதுல ஒரே ஆளு. அது நான்தான். நன்றி, வணக்கம்."

வண்டி கீழத்தெரு முனைக்கு வந்தபோது மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தினார் செல்லம்மாக்கா. நடவுப் பெண்களுக்கெல்லாம் தலைவி. சங்கத்தில் ஆண்கள் பேசுவார்கள், செல்லம்மாக்கா முடிவு செய்வார்.

"ஏண்டா ஹலோ, எறங்கு கீழ. என்னடா அது மூணாவது கட்சி? செத்தா பொதைக்கக் குழி மண்ணு இல்லாம கெடக்கோம் நாங்க. எங்களுக்கு நெலம் வர்ற நேரத்துல புல்லு வளக்கணுமாடா ஒனக்கு?"

"நியாயம்தான்க்கா."

"நாணலைப் பத்தி எங்களுக்கா பாடம் எடுக்கறே? எங்க கூரை அது. எங்க ஆட்டுத் தீனி அது. அதை அறுத்து அறுத்து என் கையில இருக்கற கோட்டைப் பாருடா. ஜோசியக்காரனே கொழம்பிப் போயிட்டான்."

"நியாயம்தான்க்கா."

"என்ன நியாயம்தான் நியாயம்தான்? அப்பறம் எதுக்குடா வேணாங்கறே? நெஜமாவே உள்ள பொண்டாட்டி வச்சிருக்கியா?"

கூடி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஹலோ வண்டியிலிருந்து குனிந்து, சுற்றிலும் பார்த்து, செல்லம்மாக்காவுக்கு மட்டும் கேட்கும்படி ரகசியமாகச் சொன்னார்: "அக்கா, எனக்குக் காது போய்க்கிட்டிருக்கு. அந்த நாணல் சத்தம் ஒண்ணுதான் இன்னும் கேக்குதா இல்லையான்னு பாத்துக்கிட்டிருக்கேன். அதுவும் போயிட்டா நான் யாரு, அக்கா?"

மைக் அவர் கையிலேயே இருந்தது. அணைக்கவில்லை. ரகசியம் பெரியவள் வழியாக மேலத்தெருவுக்கும் சின்னவள் வழியாகக் கீழத்தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது. தன் குரல் வயல் தாண்டிப் போவது அவருக்குக் கேட்கவில்லை. நான் பாய்ந்து சுவிட்சைப் பிடிப்பதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நடுவயலில் களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

செல்லம்மாக்கா கயிற்றை விட்டார். ஹலோவின் முகத்தைப் பார்த்து, வாயை நன்றாக அசைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "ஆத்தோரமா நாணலை ஒரு வாரு அறுக்காம விடத்தான்டா போறோம். அது இல்லன்னா தண்ணி வர்றப்ப நெலத்தோட சேத்து எங்களையும் அள்ளிக்கிட்டுப் போயிடும். அந்த வாருல ஒக்காந்துக்க. ஒன் சத்தத்தை யாரும் எடுத்துக்க மாட்டாங்க. போ."

மறுநாள் அறுப்பு நடந்தது. பெரிய பண்ணைக்குக் கூலிக்குக் காலையில் அறுத்த அதே ஆட்கள், வெயில் தாழ்ந்ததும் அரிவாளைத் தீட்டிக்கொண்டு சங்கத்துக்காகவும் அறுத்தார்கள். இரண்டு வேலையையும் ஒரே ஒழுங்கோடு செய்தார்கள். பண்ணைக்காரர்கள் தங்கள் பங்கைத் தண்ணீர் விளிம்பு வரை மழித்துவிட்டார்கள். கீழத்தெருப் பக்கம் மட்டும் ஆற்றோரமாக ஒரு பச்சை வேலி நின்றது. ஹலோ கடைக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அறுக்கிற சத்தம் கேட்டுவிடுமோ என்ற பயமா, கேட்காமல் போய்விடுமோ என்ற பயமா, தெரியாது.

அந்த ஐப்பசியில் ஆறு நிறைய வந்தது. மழித்த பக்கத்தில் ஒரு பெரிய துண்டை வாரிக்கொண்டு போயிற்று. கீழத்தெருப் பக்கமும் சேதம் இல்லாமல் இல்லை; ஆனால் வேலிக்குப் பின்னால் இருந்த நிலம் பெரும்பாலும் தங்கியது. "எனக்கு அந்த இடத்துல ஆசையே இருந்ததில்ல" என்றார் பெரிய பண்ணை. கோர்ட்டில் போட்ட வழக்கை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

நாணலும் வாபஸ் வாங்கவில்லை. தண்ணீர் வடிந்து கீழத்தெருக்காரர்கள் உளுந்து போட்டார்கள். உளுந்துக்கு முன்னால் நாணல் முளைத்தது. வெட்டினார்கள், முளைத்தது. மண்வெட்டியால் தோண்டினார்கள், வேர் எந்த ஊருக்குப் போகிறது என்றே தெரியவில்லை. களை எடுக்கும் பெண்கள் கடைத்தெரு வரை கேட்கும்படி கத்துவார்கள்.

"ஹலோ அண்ணே! ஒங்க பொண்டாட்டி எங்க கொல்லையில வந்து நிக்கிறா. கூட்டிக்கிட்டுப் போங்க!"

அவருக்குக் கேட்காது. நான் வாயசைத்துச் சொல்வேன். "பொறந்த வீட்டை விட்டு வர மாட்டேங்கறாடா" என்று சிரிப்பார்.

ரகசியம் ஊருக்குத் தெரியும் என்பதை ஊர் அவரிடம் காட்டிக்கொள்ளவே இல்லை. எங்கள் ஊர் எதையும் மனதில் வைத்துக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது; இதை மட்டும் வைத்துக்கொண்டது. ஹலோ "கீழத்தெரு கேக்குதா?" என்றால், முன்பு ஒரு தொண்டை கத்திய இடத்தில் இப்போது நாலைந்து தொண்டைகள் கத்தின. பிறகு தெருவே கத்தியது. கொஞ்ச நாளில் அதுவும் போதவில்லை.

அந்த ஒரு கூட்டத்தை மறக்க முடியாது. அறுவடைக்கு முந்தைய கூலிக் கூட்டம், நல்ல வெளிச்சம் இருக்கிற சாயங்காலம். ஹலோ மைக்கில் கேட்டார்: "கீழத்தெரு கேக்குதா?" "கேக்குது!" என்று வயல் தாண்டி வந்தது. அவர் திரும்பவும் கேட்டார். திரும்பவும் வந்தது. "கேக்குதா? யாராவது சொல்லுங்கய்யா, கேக்குதா?" மேடைக்கு முன்னால் இருந்த கூட்டமும் எழுந்து நின்று கத்தியது. மேலத்தெருவிலிருந்துகூட ஒரு குரல் வந்தது. பெரிய பண்ணை வீட்டுத் திசைதான் அது. ஊர் மொத்தமும் "கேக்குது ஹலோ! கேக்குது!" என்று அலற, நடுவில் அந்த ஒட்டடைக் குச்சி மட்டும் பதிலுக்காகக் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றது. நான் மேடை ஏறிக் கையைப் பிடித்து மைக்கை வாங்கிப் பேச்சாளரிடம் கொடுத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கேள்வி எதுவும் இல்லை.

அன்று இரவே ஒரு கொடி தைத்தேன். கறுப்பும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம் என்று நல்ல வெள்ளை மல்லில், தூரத்துக்குத் தெரியும்படி அகலமாக. மூங்கிலில் கட்டிக் கீழத்தெருவில் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த கூட்டத்தில் ஹலோ, பழக்க தோஷத்தில், "கீழத்தெரு கேக்குதா?" என்றார். வயலுக்கு அப்பால் வைக்கோல் போர் மேல் ஏறி நின்று செல்லம்மாக்கா அதை ஆட்டினார். பச்சைக்கு மேலே வெள்ளையாக அசைந்தது. ஹலோ கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது.

"நாணல் பூத்துட்டுது போல டைலரு" என்றார்.

ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அது எந்தக் கட்சிக் கொடி? புதுசா இருக்கே" என்று விசாரித்தார். "ஹலோ கட்சிங்க" என்றேன். "மெம்பருங்க நெறையவா?" "இப்ப நெறைய சேந்துட்டாங்க."

அதற்குப் பிறகும் பல காலம் மைக் செட் ஓடியது. ஸ்பீக்கர் ஊளையிட்டால் நான் அவர் சட்டையின் திருப்புளிப் பையை இழுப்பேன், அவர் குமிழைத் திருகுவார். சாயங்காலம் படுகையை மட்டும் விடவில்லை. இப்போது நாணலுக்கு வெளியே உட்காருவதில்லை. அந்த வேலிக்கு உள்ளேயே போய், தாள்கள் கன்னத்தில் உரச உட்கார்ந்துவிடுவார். இலை கீறி, திரும்பி வரும்போது முகத்தில் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். என்னை எதிரே உட்காரச் சொல்லிக் கேட்பார்.

"கேக்குதாடா?"

"கேக்குதுண்ணே."

"எப்படிக் கேக்குது?"

நான் சொல்வேன். ரகசியம் மாதிரி, பொரி மாதிரி, பெருமூச்சு மாதிரி என்று அவர் சொல்லிக் கொடுத்ததையே அவருக்குத் திருப்பிச் சொல்வேன். கண்ணை மூடி வாங்கிக்கொள்வார். ஒருநாள் அப்படித்தான் கேட்டார். நானும் கேக்குதுண்ணே, ரகசியம் மாதிரி கேக்குது என்று பெரிதாக வாயை அசைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு நாணலைப் பார்த்தார். ஒரு இலைகூட அசையவில்லை. ஆற்றில் அலைகூட இல்லை.

"காத்தே இல்லையேடா. திருட்டுப் பயலே!"

அன்று அவர் சிரித்த சிரிப்பில் நீர்க்கோழி குஞ்சுகளோடு எழுந்து ஓடியது. நானும் சிரித்தேன். சிரிப்பு நின்ற பிறகும் அவர் என் கையை விடவில்லை.

அவர் இறந்த அன்று கடைத்தெருவில் மைக் செட் பாடவில்லை. அதைப் போடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

பையன் வேலையோடு நானும் சென்னைக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. போன புரட்டாசியில் ஒரு கல்யாணத்துக்குச் சீர்காழி போனவன், மனசு கேட்காமல் ஊருக்குப் பஸ் ஏறினேன். ஆற்றுக்குள் மணல் லாரி போன தடங்கள் ஆழமாகக் கிடந்தன. கீழத்தெருக்காரர்களின் கொல்லைகளில் உளுந்துக்குப் பதில் வாழை நின்றது. அவற்றுக்கு ஓரமாக, விடாப்பிடியாக, அந்த வேலி. வெள்ளையாகப் பூத்திருந்தது. இறங்கி உள்ளே போய் உட்கார்ந்தேன். எனக்கும் இப்போது ஒரு காதில் மிஷின். அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். காற்று இருந்ததா என்று கண்ணைத் திறந்து பார்க்க மனம் வரவில்லை.

"கேக்குதுண்ணே" என்றேன் வாய்விட்டு. திருட்டுப் பயலே என்று திட்டத்தான் ஆளில்லை.